லண்டன் வக்கீலை நலம் விசாரித்த செலவு

"சாப்பிட்டீங்களா?" என்று ஒருவரைக் கேட்பதற்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள்?

நாங்கள் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் செலவு செய்திருக்கிறோம். ஒரு தடவைக்கு. அவர் சாப்பிட்டிருந்தார். ரொட்டியும் முட்டையும். அதைச் சொல்லவும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

அப்போது நான் கோயமுத்தூரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு வெள்ளகோவிலில் வீட்டோடு இருந்தேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் வழக்கு வந்துவிட்டது.

அப்பாவிடம் பன்னிரண்டு விசைத்தறி இருந்தது. இருபது வருஷம் அடுத்தவர் ஷெட்டில் கூலிக்குத் தறி ஓட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்த பன்னிரண்டு. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் எக்ஸ்போர்ட் என்று இறங்க, அவரும் இறங்கினார். முதல் ஆர்டர் இங்கிலாந்திலிருந்து வந்தது. சமையலறையில் கை துடைக்கிற துண்டு. சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டு, ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் மரம் அச்சடித்தது. நூல் வாங்கப் பணம் வேண்டும் என்று பன்னிரண்டு தறியையும் பாங்கில் ஈடு வைத்தார். கண்டெய்னர் கப்பலேறியது. போய்ச் சேர்ந்ததும் வாங்க வேண்டிய கம்பெனி கையை விரித்துவிட்டது. சிவப்பு தப்பாம். அவர்கள் கேட்டது செர்ரிப் பழச் சிவப்பாம், நாங்கள் அனுப்பியது செங்கல் சிவப்பாம்.

எங்கள் வீட்டில் யாரும் செர்ரிப் பழம் பார்த்ததில்லை. நான் மட்டும் கோயமுத்தூர் பேக்கரியில் கேக் மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஜீராவில் ஊறியது. அந்தச் சிவப்பு எந்தச் சாயப்பட்டறையிலும் வராது.

கிறிஸ்துமஸ் மரம் போட்ட துண்டை ஜனவரியில் யார் வாங்குவார்கள்? வெள்ளகோவில் சந்தையில் யார் வாங்குவார்கள்? டிசம்பருக்குள் சரக்கு விலை போகவில்லை என்றால் பாங்க் தறியை எடுத்துக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயதில் அப்பா மறுபடி அடுத்தவர் ஷெட்டில் போய் நிற்க வேண்டும். நிலைமை அவ்வளவுதான்.

முதலில் கோயமுத்தூர் வக்கீலிடம் போனோம். தாத்தா காலத்து வரப்புத் தகராறிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் வக்கீல். தகராறு இன்னும் முடியவில்லை, அதனால் பழக்கமும் விட்டுப்போகவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழுக்குக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் பேசுவார். பருத்தி விலை, அவருடைய சர்க்கரை, மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக வந்த மேம்பாலம், எல்லாம் வரும். நடுவில் இரண்டு தடவை காபி. வழக்கைப் பற்றி ஐந்து நிமிஷம்.

"இது லண்டன் சமாச்சாரங்கண்ணா. இங்க உக்காந்துட்டு நான் ஒண்ணும் புடுங்க முடியாது," என்றார் அன்றைக்கு. "என்கூட சட்டம் படிச்சவன் ஒருத்தன் அங்க இருக்கான். அவன் ஒரு வெள்ளக்கார வக்கீல் பேர் குடுத்திருக்கான். கெட்டிக்காரராம்."

"அவருக்கு எவ்வளவு குடுக்கோணுங்க?" அப்பா கேட்டார்.

"அதெல்லாம் அவரே எழுதி அனுப்புவாருங்கண்ணா."

"உங்களுக்குங்க?"

"எனக்கென்னங்கண்ணா... பாத்துக் குடுங்க."

கொங்கு நாட்டிலேயே விலை அதிகமான சொல் இந்தப் 'பாத்துக் குடுங்க'தான். அப்பா ஒரு கவரை மேஜை மேல் வைத்தார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று புலம்பினார். அடுத்த வாரம் தனியாகப் போய் இன்னொரு கவரும் இருபது இளநீரும் கொடுத்துவிட்டு வந்தபிறகுதான் தூங்கினார். ரேட் சொல்லாத ஆளுக்கு எப்போதும் கூடத்தான் போகும்.

லண்டன்காரர் ரேட் சொன்னார். முதல் கடிதத்திலேயே சொன்னார். நான்கு பக்கக் கடிதம். மணிக்கு நூற்றிருபது பவுண்டு, ஆறு நிமிஷம் ஒரு யூனிட், ஆறுக்குக் கீழே எதுவானாலும் ஒரு முழு யூனிட். பி.ஏ. இலக்கியம் படித்த நான்தான் அதைப் படித்து அப்பாவுக்குச் சொன்னேன்.

"மணிக்கு நூத்தியிருவது பவுண்டுங்கப்பா. நம்ம காசுக்கு ஆறாயிரத்துக்கு மேல வருது."

அது எங்கள் தறியில் வேலை செய்கிறவர் மூன்று மாதம் சம்பாதிப்பது. அப்பா கேட்டார்.

"கோர்ட்ல நின்னு வாதாடற மணிக்குத்தான?"

"பொறவு? வேற எதுக்குங்க?"

எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது. கோயமுத்தூரில் வக்கீல் வீட்டில் பேசுகிற பேச்சுக்கு யாரும் காசு கேட்டதில்லை. கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்கினால் அதற்குக் காசு. பேச்சு காபி மாதிரி, வந்தவருக்குக் கொடுப்பது. அப்பா கணக்குப் போட்டார். கோர்ட்டில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டு போனில் ஐஎஸ்டி கிடையாது. கரூர் ரோட்டில் பாய் ஒருவர் வைத்திருந்த பூத்துக்குப் போவோம். மத்தியானம் மூன்று மணி, அங்கே காலை பத்தரை. கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் நானும் அப்பாவும். தலைக்கு மேல் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். அப்பா தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன்.

முதல் நாள் நான் எடுத்த எடுப்பில் கண்டெய்னர் என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏங் கண்ணு, எடுத்தவொடனே சரக்கப் பத்திக் கேப்பியா? நமக்குன்னு ஒழைக்கற மனுசன். மொதல்ல சௌக்கியமான்னு கேளு."

கேட்டேன். சௌக்கியமாம்.

"சாப்டாரா?"

அதைத்தான் மேலே சொல்லிவிட்டேன்.

"அவங்கம்மா எப்படி இருக்காங்க?"

"அப்பா, அவருக்கு அம்மா இருக்காங்களான்னே நமக்குத் தெரியாதுங்க."

"அதத்தான் கேக்கச் சொல்றேன்."

இருந்தார்கள். வயது எண்பத்தொன்று. படியில் விழுந்து இடுப்பில் அடி. இதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கண்டெய்னரே மறந்துவிட்டது. நல்லெண்ணெயைச் சுட வைத்து எப்படித் தேய்க்க வேண்டும் என்று விளக்கினார். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக அல்ல. நான் மொழிபெயர்த்தேன். லண்டன்காரர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

"அங்க மழ பேஞ்சுதான்னு கேளு."

"இப்பவும் பேயுதாமுங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச ஊரு."

வெளியே வந்ததும் மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பூத் பில்லைக் கொடுக்கும்போது பாயிடம் சொன்னார்.

"என்ன பொறுமைங்க பாய்! ஒரு எடத்துலயாவது அவசரப்பட்டாரா? நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ள பேசிட்டிருந்தா அது பாட்டுக்குக் காத்துட்டு இருக்காரு. நம்மூரு ஆளுக்கு வருமா அது?"

அந்தப் பொறுமைக்குக் காரணம் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

பில் ஃபேக்ஸில் வந்தது. ஃபேக்ஸும் பாய் கடையில்தான். காகிதம் சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. பாய் கத்தரிக்கோலோடு நின்றவர் வெட்ட இடம் கிடைக்காமல் தவித்தார். நான் அங்கேயே நின்று சத்தமாகப் படித்துச் சொன்னேன். எதற்குச் சத்தமாகப் படித்தேன் என்று இன்றைக்கும் வருத்தம்.

"கட்சிக்காரரோட போன். இந்தப் பில் எழுதினவரோட தாயார் இடுப்பப் பத்தி. மூணு யூனிட்."

அப்பா தோள் துண்டை உதறிப் போட்டார்.

"கட்சிக்காரர் தன் மககிட்ட சொந்த பாஷையில பேசினாரு. நான் காத்திருந்தேன். ரெண்டு யூனிட்."

பாய் இருமினார்.

"மழை. ஒரு யூனிட்."

"மழைக்குமா?" என்றார் அப்பா.

"லண்டன்ல பேஞ்ச மழைங்கண்ணா," என்றார் பாய். "இறக்குமதிச் சரக்கு. வெல கூடத்தான் இருக்கும்."

அப்பா காகிதத்தை வாங்கினார். எழுத்து புரியாது, இருந்தாலும் இடுப்பு வரி எது என்று விரலால் தேடினார். நான் காட்டினேன்.

"அந்தம்மாளுக்கு நல்லெண்ணெ வைத்தியம் சொன்னது நாம. அதுக்கு அவரில்ல நமக்குப் பணம் குடுக்கோணும்?"

"ஏனுங்கண்ணா," என்றார் பாய், "என் கடை மீட்டராச்சும் உங்க கண்ணு முன்னால ஓடுது. அங்க ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம ஓடிட்டிருந்திருக்குது பாருங்க."

பில்லைக் குறைக்கச் சொல்லி அன்றைக்கே போன் பண்ணினோம். அடுத்த பில்லில் அது இருந்தது: 'கட்டணம் குறித்து உரையாடல், இரண்டு யூனிட்.' குறைக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு பேச்சைக் குறைத்திருப்பார்கள். அப்பாவுக்குப் பேச்சைக் குறைக்கத் தெரியாது. அதைவிட மோசம், யூனிட் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த விதம்தான் பிரச்சினை. ஒரு நாள் நான் மூன்று நிமிஷத்தில் விஷயத்தை முடித்து போனை வைக்கப் போனேன். தடுத்துவிட்டார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்.

"ஆறு நிமிசத்துக்குக் காசு வாங்கறானா இல்லையா?"

"ஆமாங்க."

"மூணு நிமிசத்துல வெச்சா மீதி மூணு நிமிசம் யாருக்கு?"

"அப்பா..."

"வாய்க்காத் தண்ணி மொற நமக்கு ஆறு மணி வரைக்கும்னா அஞ்சு மணிக்கே மடைய அடைச்சுப்போட்டு வருவமா? அவங்கம்மாளுக்கு இடுப்பு தேவலையான்னு கேளு. காசு குடுத்தாச்சு, கேளு."

கேட்டேன். அந்த அம்மாவுக்குத் தேவலை. மகன் விவரமாகவே சொன்னார். ஏன் சொல்ல மாட்டார்? ஆறு நிமிஷம் பத்து வினாடி ஆயிற்று. இரண்டு யூனிட்.

அன்றிலிருந்து நான் வேறு வழி பார்த்தேன். காலேஜில் படிக்கும்போது வாங்கிய டிஜிட்டல் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. பூத்துக்குள் நுழைந்ததும் அதில் ஸ்டாப்வாட்சை அமுக்குவேன். அப்பா இரண்டு நிமிஷம் பேசினால் நான் நான்கு வார்த்தையில் முடிப்பேன். சௌக்கியம், மழை, அம்மா, ஆடு குட்டி எல்லாம் சேர்ந்து ஒரு 'குட் மார்னிங்' ஆகிவிடும். அப்பா மூச்சுவிடாமல் பேசியது அங்கே போய்ச் சேரும்போது ஒரு தந்தி அளவுக்கு இருக்கும்.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

"நான் அத்தன சொன்னேன், நீ இத்தினிக்கூண்டு சொல்ற?"

"இங்கிலீசு அப்படித்தானுங்கப்பா. சின்ன பாஷை."

அவர் நம்பினார். யோசித்துவிட்டு, "அதனாலதான் அவனுக்கு ஒலகத்தப் புடிக்க நேரம் இருந்திருக்குது," என்றார்.

எனக்கு ஒரே பெருமை. மூன்று வருஷம் இலக்கியம் படித்ததற்கு ஒரு பலன் கிடைத்துவிட்டது. நாற்பது பக்கக் கவிதையைப் பரீட்சையில் பத்து வரியில் சுருக்கி எழுதிய கை இது. ஒவ்வொரு போனுக்கும் இரண்டு யூனிட், மூன்று யூனிட் மிச்சம் பிடித்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மானம் போச்சும்பாரு, சொல்லாத," என்றார் அம்மா. ஆனால் அவருக்கும் சந்தோஷம்தான்.

அக்டோபர் கடைசியில் ஒரு போன். லண்டன்காரர் ஒரு கேள்வி கேட்டார். சரக்கு கப்பலேறுவதற்கு முன்னால் வாங்குகிற கம்பெனி ஆள் யாராவது அந்தச் சிவப்பைப் பார்த்தார்களா?

அப்பாவிடம் சொன்னேன். அப்பா நிமிர்ந்தார். இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தார். எங்கிருந்து? கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து.

"சொல்லு. ஜூன் மாசம், நீ காலேஜுக்கு சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்த அன்னிக்கு, ஒரு பையன் வந்தான், அந்தக் கம்பெனிக்காரன். நானே கார் வெச்சுட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தேன். பல்லடத்துல நிறுத்திக் கரும்புப்பால் வாங்கிக் குடுத்தேன், ஐஸ் போடாம..."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் நாற்பது.

"...நம்மூட்டுக்கு வந்தான். உங்கம்மா கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சிருந்தா. கையில சாப்டறேன்னு அவனே கேட்டான். ஒரு வெள்ளக்காரன் எல போட்டு..."

நான்கு நிமிஷம் ஐம்பது. அப்பா இன்னும் இலையில்தான் இருந்தார். ரசம் வரவில்லை, மோர் வரவில்லை. இவர் கை கழுவுவதற்குள் இரண்டு யூனிட் ஓடிவிடும் என்று எனக்குப் பட்டது. ரிசீவரில் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஆமாம், ஜூனில் ஒருவர் வந்தார். வீட்டில் சாப்பிட்டார். மகிழ்ச்சியாகப் போனார்." லண்டன்காரர் நன்றி சொன்னார். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். ஐந்து நிமிஷம் ஐம்பத்தைந்து வினாடி.

"எல்லாஞ் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டனுங்கப்பா."

"அவரு என்ன சொன்னாரு?"

"நெம்பத் தேங்க்ஸ்னாருங்க."

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். நானும் திருப்தியாகத்தான் இருந்தேன்.

மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரமும் லண்டன்காரரும் அந்தக் கம்பெனி வக்கீலும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எழுதியதற்கு யூனிட், வந்ததைப் படித்ததற்கு யூனிட், படித்துவிட்டு யோசித்ததற்கும் யூனிட். பிறகு ஃபேக்ஸ் வந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். அப்பா தறி ஷெட்டிலிருந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

"நிறத்துக்கு அவங்க ஒத்துக்கிட்டதுக்கு எழுத்துல ஒண்ணும் இல்லைங்கறதால, கால் வெலைக்குக் குடுத்துட்டு வெளிய வர்றது நல்லதுன்னு சொல்றாருங்க."

கால் விலை என்றால் பன்னிரண்டு தறியும் போகும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார்.

அப்பா கேட்டார்: "அந்தக் கையெழுத்த அவரு இன்னும் அவிங்களுக்குக் காட்டலையா?"

"எந்தக் கையெழுத்துங்க?"

"அதான் கண்ணு, அந்தப் பையன் போட்டது."

"எங்கீங்க போட்டாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு இப்போதும் அந்தப் பார்வை வேண்டாம்.

"போன மாசம் போன்ல சொன்னனே. சாப்புட்டு எந்திரிச்சவன், தறியில இருந்து அப்பத்தான் அறுத்து அச்சுப் போட்டு வந்த துண்டுல கையத் தொடச்சான். தொடச்சுட்டு அதத் தூக்கிப் புடிச்சுப் பாத்தான். இதே சேப்பு, இதே சேப்புல ஓட்டுங்கன்னான். பேனாவ எடுத்து மூலையில ஓக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதச் சொல்லத்தான ஏர்போர்ட்ல இருந்து ஆரம்பிச்சேன்?"

நான் ஃபேக்ஸ் காகிதத்தை மடித்தேன்.

"நீ சொன்னியா இல்லையா?"

"சாப்பிட்டாருன்னு சொன்னனுங்க."

"சரி. பொறவு?"

"மகிழ்ச்சியாப் போனாருன்னு..."

அப்பா தலைப் பஞ்சைத் தட்டிவிட்டார். "வக்கீலு எதோ சட்ட நுணுக்கத்துக்காகக் கைக்குள்ள வெச்சிருக்காரு, நேரம் பாத்து எடுத்து உடுவாருன்னு நான் நெனச்சுட்டிருந்தேன்," என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் துண்டு எங்கீங்க?" என்றேன்.

அப்பா கையைக் காட்டினார். கிறிஸ்துமஸ் மரம் எங்கள் டிவி மேல் இருந்தது. ஜூனிலிருந்து அம்மா டிவிக்கு அதைத்தான் மூடி வைத்திருந்தார். ஐந்து மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டுப் பார்க்க நான்தான் அதை எடுத்து மடித்து வைத்தேன், மூலையில் எழுதியிருந்ததை ஒரு நாளும் படித்ததில்லை. மரத்துக்குப் பக்கத்தில் நீல மையில் ஓக்கே, கையெழுத்து, தேதி. எதிர்ப்புறம் கோழிக்குழம்பின் மஞ்சள், ஐந்து விரலும் தெளிவாக.

"நல்லவேளை நீங்க தொவைக்கலீங்கம்மா," என்றேன்.

"வெளிநாட்டுல இருந்து வந்த ஒறம்பர கைபட்டதாச்சேன்னு வெச்சிருந்தேன்," என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம், "ஏனுங்க, அது போயிட்டா டிவிக்கு வேற துணி வேணுமுங்களே?"

மறுநாள் பூத்தில் முழுக்கதையும் சொன்னேன். அப்பா பக்கத்திலேயே நின்று, ஏர்போர்ட்டில் ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வைத்தார். கரும்புப்பாலைச் சொன்னேன். ஐஸ் போடாததைச் சொன்னேன். ரசம், மோர், வெற்றிலை எல்லாம் சொன்னேன். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நாற்பத்தொரு நிமிஷம் என்று பாய் சொன்னார். ஏழு யூனிட். லண்டன்காரர் ஒரே ஒரு இடத்தில்தான் குறுக்கிட்டார். "அந்தத் துண்டைத் துவைக்காதீர்கள்" என்றார்.

துண்டோடு ஒரு சத்தியப் பிரமாண வாக்குமூலமும் வேண்டும் என்று கேட்டார்கள். மறுபடி ஆர்.எஸ்.புரம். ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம், ஏழேகாலுக்குக் கூப்பிட்டார். துண்டை விரித்து விளக்கில் பிடித்துப் பார்த்தார் எங்கள் வக்கீல்.

"கோழியாங்கண்ணா?"

"ஆமாங்க. நாட்டுக்கோழி."

"கொழம்பு நெம்ப நல்லா இருந்திருக்கும்போல. வெரல் நக்கிட்டுத் தொடச்சவனுக்கு இவ்வளவு மஞ்ச ஒட்டாது. வயிறு முட்டத் தின்னுபோட்டு, கை கழுவக்கூட நடக்க முடியாமத் தொடச்சிருக்கான்."

நாங்கள் வந்த நிலையிலும் அப்பா சிரித்தார். வாக்குமூலம் ஆறு வரி. மேற்படி துண்டு மேற்படி தேதியிலிருந்து மேற்படி வீட்டில் மேற்படி தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்துவந்தது என்று வந்தது. எட்டே முக்கால் வரைக்கும் பேசினோம். எவ்வளவு என்று கேட்டதற்கு, "பாத்துக் குடுங்க," என்றார். அப்பா முன்பு கொடுத்ததைவிடத் தடித்த கவராகக் கொடுத்தார். மீட்டர் இல்லாத வக்கீலுக்கு இப்போது பயந்து கூடுதலாகக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

துண்டு கூரியரில் போயிற்று. அடுத்த பில்லில் வந்தது: 'சான்றுப் பொருளான துண்டு, உணவுக் கறையுடன், பரிசீலித்தது. இரண்டு யூனிட்.'

அந்தக் கம்பெனி ஒரே வாரத்தில் இறங்கிவந்தது. கையெழுத்து அவர்கள் ஆளுடையதுதான், சிவப்பும் அதே சிவப்புதான். ஆனால் நவம்பர் முடியப் போகிறது, கடைகளெல்லாம் கிறிஸ்துமஸ் சரக்கை ஏற்கனவே எடுத்து அடுக்கிவிட்டன. மூன்று வாரம் முன்னால் என்றால் முழு விலைக்கு எடுத்திருப்போம், இப்போது முக்கால் விலைக்குக்கூட முடியாது என்றார்கள். லண்டன்காரர் பேசிப் பேசி முக்கால் விலைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சுக்கும் யூனிட் உண்டு. பணம் அவர் கணக்குக்குப் போனது, அவர் தன் பீஸை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினார். கடைசிப் பில் பதினொரு பக்கம்.

நான் ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார்த்தையைச் சுருக்கி நான் மிச்சம் பிடித்தது மொத்தம் பத்தொன்பது யூனிட். அந்த ஒரு போனில் மிச்சம் பிடித்தது ஒன்றோ இரண்டோ. அதற்கு ஆன செலவு, குறைந்த கால் விலையும் மூன்று வாரக் கடிதப் போக்குவரத்தும். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு நன்றி சொல்லாமல் விட மனசில்லை.

"அத்தன ஒழைச்சிருக்காரு. ஒரு வார்த்த சொல்லாம உட்டா மனுசங்களா நாம?"

"யூனிட் ஓடுமுங்கப்பா."

"ஓடட்டும்."

போனோம். வழக்கு முடிந்துவிட்டதால் இந்த போனுக்குக் கட்டணம் இல்லை என்று லண்டன்காரர் தானாகவே சொன்னார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாமாம். அப்பாவிடம் சொன்னேன். இலவசம் என்று கேட்டதும் மனிதருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். அதற்கு முன் ஒரு தடவையும் வாங்கியதில்லை.

"தேங்க் யூங்க," என்றார். வைத்துவிட்டார்.

லண்டனிலிருந்து வந்த மீதி பாங்க் கடனை அடைக்கப் போதவில்லை. தமிழ் தெரியாத பாங்க் மேனேஜர் இரண்டு வழி சொன்னார். பன்னிரண்டையும் அவர்கள் எடுத்து ஏலம் விடலாம், அல்லது நாங்களே சிலதை விற்றுக் கடனை முடிக்கலாம். சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர் லாரியோடு வந்தார். ஒவ்வொரு தறியாக ஓட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சத்தம் வேற மாதிரி வருதுங்களே?"

"அது தறிச் சத்தமில்லீங்க. வெளிய நிக்கற உங்க லாரி," என்றார் அப்பா.

நான்கைத் தேர்ந்தெடுத்தார். அப்பா முதன்முதலில் வாங்கிய இரண்டும் அதில் இருந்தன. ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. லாரி போன பிறகு அப்பா ஷெட் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஏதாவது சொல்வார் என்று போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"ஏனுங்க அம்மணி," என்றார், பெரிய மனுஷிக்குக் கொடுக்கிற மரியாதையோடு. "பாங்க் மேனேஜரு நேத்து என்னமோ இங்கிலீசுல சொன்னாருல்ல, நீங்களும் எனக்குத் தமிழ்ல சொன்னீங்க. அது முழுசாங்களா, சுருக்கமாங்களா?"

"முழுசுங்கப்பா."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். தறி விற்ற பணத்தைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்தது, ஈட்டுப் பத்திரத்தைத் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம், மறுபடி எக்ஸ்போர்ட்டுக்குக் கடன் வேண்டுமானால் யோசித்துச் சொல்கிறோம். மேனேஜர் நடுவில் தும்மினதையும் சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போய் மோட்டாரைப் போட்டார்.

எக்ஸ்போர்ட்டுக்கு அப்புறம் போகவில்லை. இப்போது எட்டுத் தறி ஓடுகிறது, எட்டிலும் ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு லுங்கி.